ஒன்று போவதும் எல்லாம் போவதும்

நிலையாமையைத் தமிழ் வீடுகளில் யாரும் புத்தகம் பார்த்துக் கற்பதில்லை. திருக்குறளில் அதற்கென்று ஓர் அதிகாரம் இருக்கிறது. நாலடியார் தன் முதல் மூன்று அதிகாரங்களையும் செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்று அதற்கே கொடுத்துவிட்டது. ஆனால் அந்த நூல்களைத் திறப்பதற்கு வெகுகாலம் முன்பே தெருமுனையில் ஊதும் சங்கு நமக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. என் தாத்தா திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிவன் கோவிலில் ஓதுவாராக இருந்தவர். அவர் பாடக் கேட்டு வளர்ந்தவள் என்பதால், விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்ற என்னைச் சொந்தபந்தங்களில் பதினாறாம் நாள் விசேஷத்தில் நாலு வார்த்தை பேச அழைக்கிறார்கள். நானும் பேசுகிறேன். தோன்றியது மறையும், உடம்பு இரவல், அழுது தீர்த்துவிட்டு ஆக வேண்டியதைப் பாருங்கள் என்கிறேன். முழு மனதோடுதான் சொல்கிறேன். கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு முன்னால் சொல்லத்தக்க உண்மை அதைவிட வேறெதுவும் எனக்குத் தெரியாது.

என்னைத் தொந்தரவு செய்வது அந்த ஆறுதல் வேறோர் இடத்தில் பயன்படுவது. தூத்துக்குடியில் கடலைப் பற்றிப் பேச்சு வந்தால் கடைசியில் அது இங்கே வந்துதான் நிற்கும். முத்துக்குளிப்பு போயிற்று, 1961-ல் நடந்ததுதான் கடைசி. மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. பிறகு ஒரு பெருமூச்சு. “எல்லாம் போகத்தானே செய்யும்.” சைவர் வீட்டிலும் இதைக் கேட்டிருக்கிறேன், கத்தோலிக்கப் பரதவர் வீட்டிலும் கேட்டிருக்கிறேன். அவர்கள் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசிக்கொள்வதும் நாங்கள் தினமும் பூசிக்கொள்வதும் சாம்பல்தானே.

மனிதன் இறப்பதற்குச் சொல்லும் ஆறுதலை ஒரு கடல் இறப்பதற்கும் சொல்லலாமா? இந்தக் கேள்விக்கு நான் சாஸ்திரங்களில் விடை தேடியதைவிடச் செத்த ஓடுகளில் தேடியதுதான் அதிகம்.

கரையோரக் கடலின் அடிமண்ணை ஒரு வாளி அள்ளி, ஒரு மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் கொட்டித் தண்ணீர் விட்டு அலசினால் சேறும் நுண்மணலும் ஓடிவிடும். மேலே நிற்பதில் உயிருள்ளவை சொற்பம். மிச்சமெல்லாம் ஓடுகள்: மட்டி, சிப்பி, ஊசிபோல் நீண்ட சிறு நத்தைகள், உடைந்த துண்டுகள். மாணவர்கள் முதலில் உயிருள்ளதை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு மற்றதைக் கொட்டப் போவார்கள். நான் தடுப்பேன். ஒரு மட்டி ஓட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்வேன். கொண்டைக்கு அருகே ஒரு வட்டத் துளை தெரியும். வெளிப்பக்கம் அகன்று உட்பக்கம் குறுகி, தச்சன் கடைந்ததுபோல் அவ்வளவு சுத்தமாக இருக்கும். மணலுக்குள் ஊர்ந்து இரை தேடும் நத்தை ஒன்று மட்டியைத் தன் பாதத்தால் பொதிந்து பிடித்துக்கொண்டு, அமிலத்தால் இளக்கியும் நாக்கிலுள்ள பற்களால் அரம்போல் அராவியும் பல மணி நேரம் போட்ட துளை அது. துளையின் சுவர் சரிவாக இல்லாமல் நேராக இருந்தால் போட்டது முள்சங்கின் கூட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கும். சில ஓடுகளில் துளை பாதியில் நின்றிருக்கும். அன்றைக்கு அந்த மட்டி தப்பித்திருக்கிறது.

ஓட்டின் உட்பக்கத்தையும் பார்க்க வேண்டும். அங்கே புழு கட்டிய வெள்ளைச் சுண்ணாம்புக் குழாய் ஒட்டியிருந்தால், அந்த மட்டி செத்து, சதை அழுகிப் போய், இரண்டு ஓடும் பிரிந்து, காலியாகக் கடல்தரையில் சிலகாலம் திறந்து கிடந்திருக்கிறது என்று பொருள். உயிரோடு இருந்தபோது அந்த இடத்தில் வேறொன்று வீடு கட்டியிருக்க முடியாது. ஓடெங்கும் அம்மைத் தழும்புபோல் சிறு குழிகள் இருந்தால் அது துளையிடும் கடற்பஞ்சின் வேலை. புழுவுக்கும் கடற்பஞ்சுக்கும் தமக்கென்று எஞ்சும் ஓடு கிடையாது. ஆனாலும் அவை பிறர் ஓட்டின்மேல் தம் இருப்பை விட்டுச் சென்றிருக்கின்றன. யார் வாழ்ந்தார்கள், யார் யாரைத் தின்றார்கள், யார் வீட்டில் யார் பிறகு குடியேறினார்கள் என்று ஒரு ஊரின் கதையே கைப்பிடி ஓட்டில் இருக்கிறது.

இந்தச் சாட்சிகளுக்கும் குறை உண்டு. மெல்லிய ஓடு சீக்கிரம் கரைந்துவிடும், தடித்தது நிற்கும். சொறியும் கடல் அட்டையும் ஏறக்குறையத் தடமின்றிப் போய்விடும். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் காலம். கடல்தரை அடுக்கிவைத்த ஏடு கிடையாது. நண்டும் இறாலும் புழுவும் இடைவிடாமல் தோண்டி மேலதைக் கீழும் கீழதை மேலும் கொண்டுபோகின்றன. புயல் வந்தால் அலை கிளறிவிடுகிறது. அதனால் ஒரே கைப்பிடியில் போன வருஷம் செத்த மட்டியும் ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் செத்ததும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கலாம். கண்ணால் பார்த்து வயது சொல்ல முடியாது. பளபளப்பாக இருப்பது பழையதாகவும் மங்கியது புதியதாகவும் இருந்துவிடும்.

வயதைக் காண இரண்டு வழிகளைச் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று எல்லோரும் கேள்விப்பட்ட கதிரியக்கக் கரிமம். இன்னொன்று எனக்குப் பிடித்தது. உயிர் உள்ளவரை உடம்பின் புரதங்களிலுள்ள அமினோ அமிலங்கள் இடக்கை வடிவில் இருக்கும். உயிர் போனபின் அவை கொஞ்சம் கொஞ்சமாக வலக்கை வடிவுக்குத் திரும்பத் தொடங்கும். எவ்வளவு பங்கு திரும்பியிருக்கிறது என்று அளந்து, கரிமத்தில் கண்ட வயதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தால் ஒவ்வோர் ஓட்டுக்கும் தனித்தனியே வயது கிடைக்கும். இந்த மாற்றம் உயிர் பிரிந்த பிறகும் ஓட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறது என்பதை வகுப்பில் முதன்முதலாக விளக்கிய நாளில், யாக்கை நிலையாமை பாடம் கேட்ட அதே மரியாதையோடு பிள்ளைகள் கேட்டார்கள்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் சூசன் கிட்வெல் பழைய ஓடும் புதிய ஓடும் இப்படிக் கலந்து கிடப்பதைக் குறையாகப் பார்க்காமல் பலமாகப் பார்த்தவர். ஒரு நாள் அள்ளிய மண்ணில் உயிரோடு இருப்பவை அந்த ஒரு நாளின் நிலவரம். அந்த ஆண்டு ஒரு மட்டி அமோகமாகப் பெருகியிருக்கலாம், இன்னொன்று தற்செயலாக இல்லாமல் போயிருக்கலாம். செத்த ஓடுகளோ பல தலைமுறைகளின் சராசரி. இந்த இடத்தில் வழக்கமாக யார் வாழ்ந்தார்கள் என்று கேட்டால் அவைதான் சொல்லும். உலகின் பல கடற்கரைகளிலிருந்து திரட்டிய தகவல்களைச் சேர்த்து 2007-ல் அவர் வெளியிட்ட ஆய்வின் சாரம் இது: மனிதர் அதிகம் கைவைக்காத இடங்களில் உயிருள்ளவற்றின் கணக்கும் செத்த ஓடுகளின் கணக்கும் பெரிதும் ஒத்துப்போகின்றன, கழிவும் இழுவலையும் கடலைக் கெடுத்த இடங்களில் இரண்டும் முரண்படுகின்றன. இருப்பவர் ஒன்று சொல்ல, இறந்தவர் வேறொன்று சொன்னால், இடையில் அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

அப்படி முரண்பட்ட ஓர் இடத்தைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் என் கேள்வியைக் கூர்மையாக்கியது அதுதான்.

அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துக் கடலின் கண்டத்திட்டு இன்று பெரும்பாலும் சேற்றுத்தரை. சேற்றைத் தின்று வாழ்பவை அங்கே வாழ்கின்றன. நூறாண்டுக்கும் மேலாக அறிவியலாளர்கள் அறிந்த கடல் அதுதான். கண்காணிப்புக்காக மண் அள்ளுகிறவர்கள் உயிருள்ளவற்றை எண்ணுவார்கள், ஓடுகளைப் பொருட்படுத்துவதில்லை. அந்த ஓடுகளுக்குள் பிராக்கியோபாடு என்னும் உயிரினத்தின் ஓடுகள் ஏராளமாக வந்துகொண்டிருந்தன. பார்வைக்கு அது சிப்பி மாதிரி. ஆனால் சிப்பிக்கு உறவில்லாத, மிகப் பழைய குலம். ஒரு காம்பால் கெட்டியான எதையாவது பற்றிக்கொண்டு, அசையாமல் நின்று, கடல்நீரை வடிகட்டி உண்ணும். கூடவே விசிறிச் சிப்பிகளின் ஓடுகளும் வந்தன. இவை இரண்டுமே சேற்றில் வாழ முடியாதவை. சேறு படிந்தால் வடிகட்டும் உறுப்பு அடைத்து மூச்சுத் திணறும். அப்படியானால் சேற்றுத்தரையில் இவற்றின் ஓடு எப்படி?

கிட்வெல்லும் சுலோவாக்கியாவைச் சேர்ந்த ஆடம் தொமஷோவிச்சும் 190 பிராக்கியோபாடு ஓடுகளின் வயதைக் கண்டு 2017-ல் எழுதினார்கள். குறைந்தது 4,000 ஆண்டுகள் அந்தக் கண்டத்திட்டில் இந்த உயிரினம் இடைவெளி இல்லாமல் வாழ்ந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் எண்ணிக்கை செங்குத்தாகச் சரிந்திருக்கிறது. கடந்த நூறு ஆண்டுகளில் செத்த ஓடு ஒன்றுகூட இல்லை. அதாவது சாவதற்கு எவரும் மிஞ்சவில்லை. இன்று அதே இனம் கண்டத்திட்டின் விளிம்பிலுள்ள பாறைகளிலும் கரைக்கு அப்பாலுள்ள தீவுகளைச் சுற்றிய மணல்தரையிலும் ஒதுங்கி வாழ்கிறது.

லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரின் கழிவுநீரைக் குற்றம் சொல்லலாம் என்று பார்த்தால், அது வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது. இழுவலையும் கடல் சூடேறியதும் அப்படியே, பிந்தி வந்தவை. அவர்கள் சுட்டிய காரணம் நிலத்தில் இருந்தது. 1769-ல் பிரான்சிஸ்கன் துறவிகள் சான் டியாகோவில் கலிபோர்னியாவின் முதல் மிஷனை நிறுவினார்கள். அவர்களோடு மாடும் ஆடும் வந்தன. அவர்களுக்குப் பின் பெரும் பண்ணைகள் எழுந்தன. தோலுக்கும் கொழுப்புக்கும் மந்தைகள் பெருகின. புல் மேயப்பட்டு, நிலம் மிதிபட்டு, மழைக்கு மண் கரைந்து ஓடிக் கடலில் படிந்தது. கரையில் மாடு மேய்ந்ததற்குக் கடலடியில் ஓர் ஊரே மூச்சுத் திணறிப் போயிற்று. கடல் ஆய்வுக் கப்பல்கள் வந்தபோது பார்க்க மிச்சம் இல்லை. அதனால் இழப்பு என்ற ஒன்று நடந்ததே எவருக்கும் தெரியாது. ஓடுகள் சொல்லித்தான் தெரிந்தது.

இப்போது நிலையாமைக்கு வருகிறேன்.

அந்த நாலாயிரம் ஆண்டில் அங்கே நிலைத்தது எது? தனிப்பட்ட ஒரு பிராக்கியோபாடின் ஆயுள் சில ஆண்டுகள். பிறந்தது, பற்றியது, செத்தது. அதைப் பொறுத்தவரை நாலடியார் சொல்வதில் எழுத்துப் பிசகில்லை. ஆனால் அது செத்ததால்தான் அங்கே ஓடு சேர்ந்தது. ஓடு சேர்ந்ததால்தான் சரளைபோன்ற கெட்டித் தரை அமைந்தது. அடுத்த தலைமுறையின் இளம் உயிர் தண்ணீரில் மிதந்து வந்து பற்றிக்கொள்ளத் தேடியது அந்த முன்னோரின் ஓட்டைத்தான். சிப்பிப் படுகைகளிலும் இதே முறைதான். குஞ்சு வந்து ஒட்டுவது பாட்டன் ஓட்டின்மேல். ஒருவர் நிலையாமைதான் ஊரின் நிலைபேற்றுக்கு அடித்தளமாக இருந்திருக்கிறது. செத்தவர் தாங்க, இருப்பவர் நிற்க, நாலாயிரம் ஆண்டு ஓடியிருக்கிறது.

பௌத்தர்கள் எல்லாப் பொருளும் கணந்தோறும் தோன்றி அழிகிறது என்றார்கள். தொடர்வது ஓட்டம் மட்டுமே என்றார்கள். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் அவர்களை மறுத்தார். நான் பிறப்பாலும் பயிற்சியாலும் அருணந்தியார் பக்கம். ஆனால் ஓடுகளைப் பார்க்கும்போது இரு தரப்பாரும் வாதிட்டது தனிப்பொருளைப் பற்றித்தான் என்று தோன்றுகிறது. ஓட்டமே அறுந்துபோனால் என்ன சொல்வது? கணந்தோறும் அழிவதும், ஓட்டம் அறுவதும் ஒரே நிகழ்வா? எனக்கு அவை வெவ்வேறு என்பதில் ஐயம் இல்லை. முதலாவது உலகத்தின் இயல்பு. அதற்கு ஞானம் வேண்டும். இரண்டாவதற்குக் காரணம் இருக்கிறது, காலம் இருக்கிறது, பெரும்பாலும் கையும் இருக்கிறது. அதன்முன் ஞானம் பேசுவது, கொலை நடந்த வீட்டில் போய் யாக்கை நிலையாமை சொல்வதற்குச் சமம்.

எல்லா முறிவிலும் மனிதக் கை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எங்கள் கொற்கையே உதாரணம். கிரேக்க மாலுமிகளுக்குக் கொல்கோய் என்ற பெயரில் தெரிந்த முத்துத் துறைமுகம் அது. இன்று கடல் அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. பிஷப் கால்டுவெல் அங்கே தோண்டிப் பார்த்தார். தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69-லும் மறுபடி 2021-லும் அகழ்ந்தது. சங்குத் துண்டுகளும் சங்கு வளையல்களும் கிடைத்தன. வாழைத் தோட்டத்து வரப்பில் நின்றுகொண்டு, காலுக்கடியில் ஒருகாலத்தில் கடல் இருந்தது என்று நினைக்கும்போது எனக்கு வருத்தம் வருவதில்லை. அங்கேயும் வண்டல்தான் வந்தது. ஆனால் கரை நகர நகரக் கடல்வாழ் உயிர்களும் கூடவே நகர முடிகிற வேகத்தில் வந்தது. ஆறு கடலுக்கு மண் கொடுப்பது முறை. அங்கே நான் தாராளமாக நிலையாமை பேசுவேன்.

நேர்மாறான கதை கொலராடோ ஆற்றின் கழிமுகத்தில் இருக்கிறது. மெக்சிகோவில், கலிபோர்னியா வளைகுடாவின் தலைமாட்டில் ஆறு கடலில் சேரும் இடம் அது. அங்கே ஓட்டினாலேயே ஆன கரைமேடுகளும் திட்டுகளும் உண்டு. கோவலெவ்ஸ்கி, ஃபிளெஸ்ஸா முதலியோர் 2000-ல் போட்ட கணக்கு: குறைந்தது இரண்டு லட்சம் கோடி ஓடுகள். கடந்த ஆயிரம் ஆண்டில் சேர்ந்தவை. அப்படிச் சேர வேண்டுமென்றால் எந்த நேரத்திலும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 50 மட்டிகள் உயிரோடு இருந்திருக்க வேண்டும். அவர்கள் எண்ணியபோது இருந்தவை 3. மேலே 1930-களில் ஹூவர் அணை வந்தது, பிறகு கிளென் கேன்யன் அணை. ஆறு கடலுக்கு வருவது நின்றது. நன்னீர் கலந்த உப்பங்கழியில் வாழப் பழகிய மட்டி அருகிப் போயிற்று. ஓட்டின் வளர்ச்சிக் கோடுகளில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் விகிதத்தை அளந்து எந்தப் பருவத்தில் எவ்வளவு ஆற்றுநீர் வந்தது என்றுகூட அறிகிறார்கள். செத்த மட்டி தனக்கு வேண்டிய தண்ணீரின் அளவைத் தன் மேலேயே எழுதி வைத்திருக்கிறது.

அணை கட்டியவர்களைத் தெரியும். கலிபோர்னிய மாடு மேய்த்தவர்களைப் பாவிகள் என்று சொல்ல முடியுமா? அவர்களுக்குத் தெரியாதே. இந்த இடத்தில் பழைய தமிழ்நாட்டின் இன்னொரு வழக்கு நினைவுக்கு வருகிறது. கருதிச் செய்ததே வினை என்பது பௌத்தர் கட்சி. கருதாமல் மிதித்தாலும் உயிர் உயிர்தான், எனவே பார்த்து நட என்பது சமணர் கட்சி. நீலகேசியில் சமணப் பெண் பௌத்தரோடு மோதுவதில் ஒரு பங்கு இந்த வினைக் கணக்குத்தான். நீதிமன்றத்தில் உட்கார்ந்தால் நான் பௌத்தர் பக்கம் தீர்ப்பெழுதுவேன். மிஷன் துறவிகள்மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் ஆற்றங்கரையில், சாகுபடி நிலத்தில், கடலோரத்தில் நடக்கும்போது சமணர் சொல்வதே சரி என்று படுகிறது. மூச்சுத் திணறிய பிராக்கியோபாடுக்கு மாட்டுக்காரரின் கருத்து என்னவாக இருந்தால் என்ன.

ஆடி அமாவாசையன்று திருச்செந்தூரிலும் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்திலும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தர்ப்பணம் செய்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அண்ணன் செய்வான், நான் கரையில் நிற்பேன். அப்பா, தாத்தா, பூட்டனார் என்று மூன்று தலைமுறை பெயர் சொல்வார்கள். பல வீடுகளில் மூன்றாவது பெயர் வரும்போது தயக்கம் வரும். பூட்டனாருக்கு முந்தியவர் நம் நினைவில் இல்லை. மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995-ல் எழுதியதும் இதைத்தான்: ஒவ்வொரு தலைமுறையும் தான் இளமையில் பார்த்த கடலையே இயல்பான கடல் என்று எடுத்துக்கொண்டு அதிலிருந்து குறைவதை மட்டும் இழப்பாக எண்ணுகிறது, அதற்கு முன் போனவை கணக்கிலேயே வருவதில்லை. தென்புலத்தாரைப் பேணுவது இல்லறத்தான் கடமைகளில் முதலாவது என்று வள்ளுவர் வைத்தார். மூன்று தலைமுறையோடு மனித நினைவு நின்றுவிடுவதால், அதற்கு அப்பால் உள்ளவர்களை நாம் எள்ளும் தண்ணீரும் இறைத்து ஒட்டுமொத்தமாகக் கும்பிட்டுவிடுகிறோம். கடலின் தென்புலத்தார் அப்படிப் பெயரற்றுப் போக வேண்டியதில்லை. அவர்கள் எல்லோரும் காலுக்கடியில் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் இனம் சொல்லலாம், வயது சொல்லலாம், யார் கையால் செத்தார் என்றுகூடப் பலருக்குச் சொல்லலாம்.

நாம் அவர்களை என்ன செய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். நான் பிறந்த வீட்டின் சுவர் சிப்பிச் சுண்ணாம்பால் ஆனது. கன்னம் வைத்தால் சில்லென்றிருக்கும். செட்டிநாட்டு மாளிகைச் சுவர்களின் பளபளப்புக்கும் சுட்ட கிளிஞ்சல்தான் ஆதாரம். பழவேற்காட்டு ஏரியோரச் சேற்றில் புதைந்து கிடந்த சிப்பிப் படுகைகளைத் தோண்டிச் சுண்ணாம்புக்கு எடுத்தார்கள். வேம்பநாட்டுக் காயலின் அடியிலிருந்து பழைய கக்கா ஓட்டை வாரிச் சிமெண்டுக்கு அனுப்பினார்கள். யாழ்ப்பாணக் கடனீரேரிச் சேற்றில் தோண்டிய பழஞ்சங்கு வங்காளத்துக்கு வளையலாகப் போயிற்று. அந்தத் தொழிலாளர்களையோ அந்த வீடுகளையோ நான் குறை சொல்லவில்லை. காளவாயில் வெந்த ஒவ்வொரு கூடையும் ஒரு கடலின் குடும்பப் பதிவேட்டில் ஓர் ஏடு என்பது அன்றைக்கு எவருக்கும் தெரிய வழியில்லை. இன்றைக்குத் தெரியும்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். இளமையில் சங்கு குளித்தவர். முத்துக்குளிப்பு நின்றுபோனது அவர் சிறுபிள்ளையாக இருந்த காலம். முத்துப் பார்களை, அதாவது முத்துச் சிப்பி வாழும் கடலடிப் பாறைத் திட்டுகளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவிடம் கேட்டதும் சங்குக்குப் போகையில் தாமே மூழ்கிப் பார்த்ததும்தான். தொள்ளாயிரம் பாரின் பெயரைச் சொல்லும்போது, சொந்த ஊரின் பெயரைச் சொல்வதுபோல் குரல் கனிந்துவிடும். மனைவியை இழந்தபோது விசாரிக்கப் போயிருந்தேன். பேச்சு அங்குமிங்கும் போய்க் கடலுக்கு வந்தது.

“சிப்பியும் போச்சு, சங்கும் கொறஞ்சு போச்சு. அவளும் போயிட்டா. எல்லாம் ஆண்டவர் கணக்கு டீச்சர்” என்றார்.

“அண்ணி போனது ஆண்டவர் கணக்கு அண்ணாச்சி. அதுல நான் வாய் திறக்க மாட்டேன். பார் போனது அப்படியான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு” என்றேன்.

பிறகு கலிபோர்னியா ஓடுகளைப் பற்றிச் சொன்னேன். நடுவில் பேசாமல் கேட்டார். மாடு மேய்ந்த இடம் வந்தபோது மட்டும், “கரையில நடந்ததுக்குக் கடல்ல சாவா?” என்று கேட்டுவிட்டு மறுபடி அமைதியானார். நான் முடித்ததும் அவர் துக்கத்தைப் பற்றியோ கடவுளைப் பற்றியோ எதுவும் பேசவில்லை. “நம்ம பார்ல யாராச்சும் இப்படிப் பாத்திருக்காங்களா?” என்றார்.

ஓடுகளின் வயதைத் தனித்தனியே கண்டு, முத்துச் சிப்பி எத்தனை நூற்றாண்டு அங்கே தொடர்ந்து வாழ்ந்தது, எப்போது அறுந்தது, அல்லது முதலிலிருந்தே விட்டுவிட்டுத்தான் வந்துபோனதா என்று கேட்கும் வேலையை என் மாணவி ஒருத்தி தன் முனைவர் பட்டத்துக்கு எடுக்க ஆசைப்படுகிறாள் என்றேன். முத்துக்குளிப்புக்குச் சில ஆண்டு நல்ல காலமும் பல ஆண்டு வெறுமையும் மாறிமாறி வந்ததை வரலாறு சொல்கிறது. அதனால் விடை எந்தப் பக்கம் விழும் என்று முன்கூட்டி முடிவுகட்ட எனக்கு மனம் இல்லை. வந்துபோவதே அந்தச் சிப்பியின் இயல்பு என்று ஓடுகள் சொன்னால், பெரியவரின் ஆண்டவர் கணக்குக்கு முன் நான் தலைகுனிந்து ஒப்புக்கொள்வேன்.

அவர் எழுந்து போய் ஒரு காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டு வந்து பின்பக்கம் கோடு போட்டார். “பார் மேல தோண்டச் சொல்லாதீங்க டீச்சர், அது கல்லு, அங்க ஒண்ணும் நிக்காது, நீவாடு அடிச்சுட்டுப் போயிரும். பாருக்கும் பாருக்கும் நடுவுல மணல் ஓடை மாதிரி ஒரு பள்ளம் போகும். சங்குக்கு இறங்குறப்போ கைய விட்டா முழங்கை வரைக்கும் ஓடுதான். பழசெல்லாம் அங்கதான் சேந்து கிடக்கு.” தாளில் மூன்று இடங்களில் புள்ளி வைத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை பாகம் ஆழம் என்று எழுதிக் கொடுத்தார். எந்த மாதத்தில் தண்ணீர் தெளிவாக இருக்கும் என்று கேட்டேன். அதையும் எழுதினார்.